ராடு வச்சது படுத்துக்கிறதுக்கு இல்ல

போன மாசம் ஒரு வீட்டுக்கு பிசியோ பண்ண போனேன். பாட்டிக்கு 79 வயசு, ராத்திரி பாத்ரூம் போறப்ப வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு 16 நாள் ஆகியிருக்கு. உள்ள போய் பார்த்தா மல்லாக்க படுத்திருக்காங்க, ரெண்டு பக்கமும் தலகாணி அண்டக் கொடுத்து, யூரினுக்கு ட்யூப் போட்டு, சாப்பாடு கூட படுத்தவாக்குல ஸ்பூன்ல ஊட்டிக்கிட்டு இருக்காங்க. "உக்கார வச்சீங்களா?"ன்னு கேட்டேன். "அய்யோ இல்ல சார், எலும்பு ஒட்டுற வரைக்கும் அசையக்கூடாதுல்ல, ஒரு ஒன்றரை மாசம் போகட்டும்னு இருக்கோம்"னாரு மகன். டாக்டர் அப்படி சொன்னாரான்னு கேட்டா இல்ல, டாக்டர் மறுநாளே எழுப்பி நிக்க வைக்கச் சொல்லியிருக்காரு, சொந்தக்காரங்க வந்து ஆளுக்கொன்னு சொல்லி பயமுறுத்தி விட்டுட்டாங்க.

அவரு பீரோ மேல இருந்து எக்ஸ்ரே கவரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல காட்டினாரு. தொடை எலும்புக்குள்ள வெள்ளையா ஒரு கம்பி, ராடுன்னு சொல்றோமே அதான், அதுக்குக் குறுக்கால மேல பார்த்து ஒரு பெரிய ஸ்க்ரூ, கீழ சின்னதா இன்னொன்னு. "இவ்ளோ செலவு பண்ணி இதை எதுக்கு வச்சாங்கன்னு நினைக்கிறீங்க?"ன்னு கேட்டேன். "எலும்பு ஒட்டத்தான் சார்"னாரு.

இங்கதான் எல்லாருமே தப்பா புரிஞ்சுக்கிறோம். இந்த வகை உடைவுல எலும்பு பெரும்பாலும் கம்பி இல்லாமலே ஒட்டும். மனுஷன்தான் அதுவரைக்கும் தாங்கமாட்டான்.

கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா வாரத்துக்கு ரெண்டு வீட்லயாவது இதே கேள்விக்கு பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

நம்ம தொடை எலும்போட மேல் நுனி நேரா இருக்காது. மரத்துல கிளை பிரியுற கவட்டை மாதிரி, எலும்பு மேல வந்து உள்பக்கமா சாய்ஞ்சு, கிட்டத்தட்ட 125ல இருந்து 135 டிகிரி கோணத்துல ஒரு கழுத்து, அந்தக் கழுத்து நுனில உருண்டையா ஒரு தலை, அது போய் இடுப்பு எலும்புல இருக்க கிண்ணத்துக்குள்ள உக்காந்துருக்கும். கழுத்தும் தண்டும் சேர்ற இடத்துல வெளிப்பக்கம் ஒரு முட்டு, உள்பக்கம் ஒரு சின்ன முட்டு. நின்னுக்கிட்டு இடுப்புக்குக் கொஞ்சம் கீழ, தொடை ஆரம்பிக்கிற இடத்துல வெளிப்பக்கமா கைய வச்சு அமுக்கிப் பாருங்க, கெட்டியா தட்டுப்படுதுல்ல, அதான் பெரிய முட்டு. வயசானவங்க பக்கவாட்டுல விழுந்தா மொத்த அடியும் நேரா அங்கதான் போகும். நாம கைய ஊனி தப்பிச்சுக்குவோம், 80 வயசுல கை அவ்ளோ வேகமா வராது.

"இடுப்பு உடைஞ்சுருச்சு"ன்னு பொதுவா சொல்றோமே, எந்த இடத்துல உடைஞ்சுச்சுங்கறதுதான் வைத்தியத்தையே மாத்துது. தலைக்குப் போற ரத்தக்குழாய்ல முக்காவாசி கழுத்தை ஒட்டித்தான் கீழ இருந்து மேல ஏறும். கழுத்துல உடைஞ்சு விலகிருச்சுன்னா அந்தக் குழாய் அறுந்து போய் தலைக்கு ரத்தமே கிடைக்காம செத்துப்போக வாய்ப்பு அதிகம். அதனால வயசானவங்களுக்கு கழுத்து உடைஞ்சு விலகியிருந்தா பெரும்பாலும் ஒட்ட வைக்கப் பாக்கமாட்டாங்க, தலையை எடுத்துட்டு செயற்கைத் தலை வச்சிருவாங்க, ஆஸ்பத்திரில "பைபோலார்"னு பேசிக்கிறது அதத்தான். அதுக்குக் கீழ, ரெண்டு முட்டுக்கும் நடுவுலயோ இன்னும் கொஞ்சம் இறங்கியோ உடைஞ்சா கதை வேற. முட்டுக்கு நடுவுல இருக்கறது ரத்த ஓட்டம் நல்லா இருக்க, சல்லடை மாதிரி எலும்பு, ஒட்டுறதுக்கு பெரும்பாலும் பிரச்சினை இல்ல. ராடு போடுறது இந்த வகைக்குத்தான். பக்கத்து வீட்டு தாத்தாவுக்கு மூட்டு மாத்தினாங்க, நமக்கு மட்டும் ஏன் கம்பின்னு சண்டைக்குப் போறவங்க இத ஒரு தடவ புரிஞ்சுக்கிட்டா நல்லது.

விழுந்த உடனே பார்த்தாலே பாதி தெரிஞ்சிரும், அடிபட்ட கால் இன்னொரு காலை விட குட்டையா, பாதம் வெளிப்பக்கமா திரும்பி படுத்துக் கிடக்கும். வெளில காயமே இருக்காது, அதனால சில வீட்ல ரெண்டு நாள் எண்ணெய் தேய்ச்சு ஒத்தடம் கொடுத்துட்டு இருப்பாங்க. ஆனா உள்ள ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும், கழுத்து உடைவு மூட்டுப் பைக்குள்ள இருக்கறதால அங்கயே அடங்கிரும், முட்டுப் பக்கத்து உடைவு பைக்கு வெளிய, தொடைச் சதைக்குள்ள எவ்ளோ வேணா இறங்கும். மூணாவது நாள் தொடை பூரா கருநீலமா வந்து நிக்கும், டெஸ்ட் பண்ணா ஹீமோகுளோபின் தடால்னு இறங்கியிருக்கும்.

சரி, எலும்பு தானா ஒட்டும்னா எதுக்கு கத்தி வைக்கணும்? முன்னாடி வைக்காமத்தான் இருந்தாங்க. காலுக்கு ட்ராக்ஷன் போட்டு, கட்டில் கால் பக்கத்தை செங்கல் வச்சு ஒசத்தி, கப்பி வழியா வெயிட் தொங்கவிட்டு 8 வாரம், 12 வாரம் படுக்கப் போட்டுருவாங்க. எலும்பு ஒட்டும், கொஞ்சம் கோணலா, கால் குட்டையா ஒட்டும். ஆனா அந்த 12 வாரத்துல என்னென்ன நடக்கும்னு பாருங்க: மல்லாக்க படுத்தே இருந்தா சளி வெளிய வராம நெஞ்சுல கட்டி நிமோனியா, கால் நரம்புல ரத்தம் உறைஞ்சு அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போறது, முதுகுத்தண்டு அடியில படுக்கைப்புண், யூரின் இன்ஃபெக்ஷன், சாப்பாடு இறங்காம உடம்பு உருகிப் போறது, புத்தி தடுமாறுறது. "விழுந்தாங்க, அப்படியே படுத்த படுக்கையானாங்க, மூணு மாசத்துல போயிட்டாங்க"ன்னு ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒரு அப்பத்தாவோ அம்மாச்சியோ இருப்பாங்க. அவங்களக் கொன்னது உடைஞ்ச எலும்பு இல்ல, கட்டில். இன்னைக்கு நல்லா ஆபரேஷன் பண்ணியும் இடுப்பு உடைஞ்ச வயசானவங்கள்ல ஒரு வருஷத்துக்குள்ள இறந்துபோறவங்க கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர், நாலுல ஒருத்தர்னு பல நாட்டுக் கணக்கும் சொல்லுது, அப்ப ஆபரேஷனே இல்லாத காலத்த யோசிச்சுக்கோங்க.

கட்டு போடுறவங்கள பத்தி இங்க ஒரு வார்த்தை சொல்லிடறேன். ஆந்திராவுல இருக்க புத்தூர் பேருல நம்ம ஊர் பூரா புத்தூர் கட்டு போடுறாங்க, கை மணிக்கட்டு, முழங்கை இதுக்கெல்லாம் போய் குணமானவங்க உண்டு, நான் இல்லைங்கல. ஆனா இடுப்புல இந்த உடைவுக்கு கட்டு எங்க போடுவீங்க? மூட்டுக்கு மேல பிடிச்சு நிறுத்த ஒன்னும் இல்ல, தொடைச் சதை அவ்ளோ வலுவா எலும்ப மேல இழுத்துக்கிட்டே இருக்கும். கட்டு போட்டா கடைசில அது கட்டில்லதான் போய் முடியும்.

ஆக, உடைஞ்ச எலும்ப உள்ள இருந்து பிடிச்சுக்கிட்டா ஒட்டுறதுக்கு முன்னாடியே ஆளை நடக்க வச்சிரலாமேங்கற யோசனைதான் மொத்த விஷயமும். அது ஒரே நாள்ல வந்துரல. 1925ல அமெரிக்காவுல பாஸ்டன்ல ஸ்மித் பீட்டர்சன்னு ஒரு சர்ஜன் மூணு இறக்கை வச்ச ஒரு ஆணியை கழுத்து உடைவுக்குள்ள அடிச்சாரு. 1932ல சுவீடன்ல யோஹான்சன் அந்த ஆணிக்கு நடுவுல ஓட்டை போட்டு, முதல்ல மெல்லிசா ஒரு ஒயரை விட்டு அது மேலயே ஆணிய வழுக்கி இறக்குற மாதிரி பண்ணாரு, இன்னைக்கு வரைக்கும் இந்த உடைவுகளுக்கு உள்ள வைக்கிற இம்ப்ளாண்ட் பெரும்பாலும் அந்த மாதிரி ஒயர் மேலதான் போகுது.

உள்ளுக்குள்ள ராடு விடுறது ஜெர்மனில கீல் நகரத்துல ஆரம்பிச்சது. கெர்ஹார்ட் குன்ட்ஷர்னு ஒரு சர்ஜன், 1939ல தொடை எலும்போட நடு ஓட்டைக்குள்ள, அதாவது மஜ்ஜை இருக்குற குழிக்குள்ள, நீளமா ஒரு ஸ்டீல் கம்பிய இறக்கிட்டாரு. 1940ல பெர்லின்ல போய் சொன்னப்ப நிறைய பேர் ஏத்துக்கல, மஜ்ஜைய அழிச்சா எலும்பு எப்படி ஒட்டும்னு கேட்டாங்க. அதுக்குள்ள போர். ஜெர்மன்காரன்கிட்ட கைதியா மாட்டின அமெரிக்க சிப்பாய்ங்க திரும்பி வந்தப்ப தொடை உடைஞ்சவங்க சும்மா நடந்து வர்றாங்க, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா உள்ள கம்பி, அங்க இருந்த டாக்டர்களுக்கு ஒன்னும் புரியல. குன்ட்ஷர் கூட வேலை பார்த்த எர்ன்ஸ்ட் போல்ங்கற, கருவி செய்யற எஞ்சினியர்தான் 1951ல இன்னொரு முக்கியமான சாமானுக்கு காப்புரிமை வாங்கினாரு: வெளிப்பக்கம் ப்ளேட், அதுக்குள்ள ஒரு குழல், அந்தக் குழலுக்குள்ள வழுக்கி இறங்குற ஸ்க்ரூ. இன்னைக்கு டிஹெச்எஸ், அதாவது டைனமிக் ஹிப் ஸ்க்ரூன்னு சொல்றோமே, அதோட அப்பா. ஊனி நடக்க நடக்க ஸ்க்ரூ பின்னாடி வழுக்கும், உடைஞ்ச ரெண்டு பக்கமும் ஒன்னோட ஒன்னு நெருங்கி இறுகும். நடக்குறதே ஒட்டுறதுக்கு உதவி பண்ணுது, இத நான் வீடுகள்ல சொன்னா யாரும் நம்பறதே இல்ல.

இந்த ரெண்டையும், உள்ள போற ராடு, வழுக்குற ஸ்க்ரூ, ஒன்னா சேர்த்தது காமா நெயில், 1980களோட கடைசில வந்துச்சு. (நெயில்னு பேரு, ஆனா ஆணி மாதிரி கூர்மை எல்லாம் இல்ல, உள்ள ஓட்டையான குழாய்தான், நம்ம ஆளுங்க "ராடு"ன்னு சொல்றதுதான் சரியான பேரு.) முதல்ல வந்த காமா நெயில் கொஞ்சம் தடிமனா, வளைவு ஜாஸ்தியா இருந்துச்சு, ராடு முடியுற இடத்துல தொடை எலும்பு புதுசா உடையற பிரச்சினை நிறைய வந்து கெட்ட பேரு வாங்கிருச்சு. அப்புறம் வளைவக் கம்மி பண்ணி, மெல்லிசாக்கி மாத்தினாங்க. 1990களோட பின்பாதில ஏஓங்கற எலும்பு சர்ஜன்கள் குழு பிஎஃப்என்னு ஒரு ராடு கொண்டு வந்தாங்க, அதுல தலைக்கு ரெண்டு ஸ்க்ரூ. அதுலயும் ஒரு வினோதமான கோளாறு, சில பேருக்கு ஒரு ஸ்க்ரூ உள்ள போகும் இன்னொன்னு வெளிய வரும், அதுக்கு இஸட் எஃபெக்ட்னே பேரு வச்சுட்டாங்க. அடுத்து வந்த பிஎஃப்என்ஏல ரெண்டு ஸ்க்ரூவுக்கு பதிலா முறுக்கு மாதிரி சுத்தின ஒரே ப்ளேடு, தட்டி இறக்குனா சுத்தி இருக்க மெலிஞ்ச எலும்ப அமுக்கி கெட்டியாக்கிக்கிட்டு போகும். வெள்ளக்காரங்க எலும்பு அளவுக்கு செஞ்ச ராடு ஆசியாக்காரங்களோட சின்ன எலும்புல வெளிப்பக்கம் முட்டிக்கிட்டு நின்னதால, மேல் பக்க வளைவ மாத்தி பிஎஃப்என்ஏ 2ன்னு தனியா செஞ்சாங்க. உங்க டிஸ்சார்ஜ் சம்மரில இதுல ஏதாவது ஒரு பேரு இருக்கும், எடுத்துப் பாருங்க.

வெளில ப்ளேட் வைக்கிறதுக்கும் உள்ள ராடு வைக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்? கைல ஒரு குடம் தண்ணிய உடம்ப ஒட்டி இடுப்புல வச்சு தூக்குறதுக்கும், கைய நீட்டி தள்ளிப் பிடிச்சு தூக்குறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். நடக்குறப்ப இடுப்பு மூட்டுல உடம்பு எடைய மாதிரி ரெண்டரை, மூணு மடங்கு பாரம் விழுது, அந்தப் பாரம் தலை வழியா உள்பக்கமாத்தான் இறங்கும். ப்ளேட் வெளிப்பக்கத்துல தள்ளி நிக்கிறதால அதுக்கு வளையுற விசை ஜாஸ்தி, ராடு பாரம் இறங்குற கோட்டுக்கு பக்கத்துலயே இருக்கறதால கம்மி. இன்னொன்னு, பெரிய முட்டுக்கு வெளிச்சுவர் இடிஞ்சு போயிருந்தா ப்ளேட்டுக்கு அண்டக் கொடுக்க ஒன்னுமே இருக்காது, தலைப்பக்கம் வழுக்கிக்கிட்டே வெளிய வந்துரும், ராடே ஒரு சுவர் மாதிரி நின்னு அதத் தடுக்கும்.

அதுக்காக ராடுதான் உசத்தி, ப்ளேட் பழைய காலம்னு யாராவது சொன்னா அப்படியே நம்ப வேண்டாம். இந்த விவாதம் முப்பது வருஷத்துக்கு மேல ஓடுது. 2022ல, மருத்துவ ஆய்வுகளத் தொகுத்துப் பாக்குற காக்ரேன் குழு 76 ஆய்வுகள, கிட்டத்தட்ட 11 ஆயிரம் நோயாளிகளோட கணக்க ஒன்னா போட்டுப் பார்த்தப்ப, நடக்குறதுலயோ சாவு எண்ணிக்கைலயோ பெரிய வித்தியாசம் எதுவும் இல்ல, ராடுல இன்ஃபெக்ஷனும் ஒட்டாம போறதும் கொஞ்சம் கம்மி, ஆனா இம்ப்ளாண்ட் பக்கத்துலயே புதுசா உடையறது கொஞ்சம் ஜாஸ்தின்னு வந்துச்சு. இங்கிலாந்துல வைத்திய வழிகாட்டுதல் போடுற நைஸ் அமைப்பு 2011ல இருந்து சாதாரண வகைக்கு வழுக்கும் ஸ்க்ரூ ப்ளேட்டையே முதல்ல சொல்லுது, முட்டுக்குக் கீழ உடைஞ்சா ராடு. அமெரிக்க எலும்பு டாக்டருங்க சங்கம் நிலையான உடைவுக்கு ரெண்டுல எதுன்னாலும் சரி, நொறுங்கின வகைக்கும், உடைஞ்ச கோடு வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமா சாய்ஞ்சதுக்கும், முட்டுக்குக் கீழ உடைஞ்சதுக்கும் ராடுதான்னு சொல்லுது. ரெண்டு கூட்டமும் ஒத்துப்போற இடம் இதுதான்: முட்டுக்குக் கீழ இறங்கி உடைஞ்சா ராடு. நம்ம ஊர்ல கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் ராடே போடுறாங்க, அதுல பழக்கமும் இருக்கு, சின்ன தழும்புங்கற வசதியும் இருக்கு, கொஞ்சம் ஃபேஷனும் இருக்குங்கறது என்னோட எண்ணம்.

படிக்கிறப்ப ஒரு தடவ தியேட்டருக்குள்ள நின்னு இத முழுசா பார்த்திருக்கேன், ஈய ஏப்ரன் தோள்பட்டைய அழுத்துது, ஒரு ஓரமா ஒடுங்கி நின்னேன். முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போன ஒரு தாத்தா, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. அந்த டேபிளே வேற மாதிரி, தொடைக்கு நடுவுல பஞ்சு சுத்தின ஒரு தூண், பாதத்த பூட்ஸ் மாதிரி ஒன்னுல மாட்டி இழுக்குறதுக்கு திருகு. சர்ஜன் கத்திய எடுக்கறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் அந்தத் திருகோடதான் மல்லு கட்டினாரு, கொஞ்சம் இழு, உள்பக்கம் திருப்பு, சி-ஆர்ம்ங்கற எக்ஸ்ரே மெஷின்ல படம் எடு, சைடுல ஒரு படம், இல்ல இன்னும் விலகல் இருக்கு, கொஞ்சம் விடு, மறுபடி படம். எனக்கு ஆபரேஷன் எப்ப ஆரம்பிக்கும்னு இருந்துச்சு. பின்னாடிதான் புரிஞ்சுது, அந்த இருபது நிமிஷம்தான் ஆபரேஷனே. எலும்பு சரியான கோணத்துக்கு வராம ராடு போட்டா, ராடு எலும்ப சரி பண்ணாது, கோணலையே நிரந்தரமாக்கிரும்.

மத்ததெல்லாம் மளமளன்னு நடந்துச்சு. இடுப்புக்கு மேல சைடுல ஒரு சின்ன வெட்டு, முட்டோட நுனில ஒரு ஓட்டை, ஒயர், அது மேல துளை போட்டு பெருசாக்கி, அப்புறம் ராடை கையாலயே திருப்பித் திருப்பி இறக்கினாரு. ராடுக்கு வெளில ஒரு கைப்பிடி சட்டம் மாட்டியிருக்கும், அதுல இருக்க ஓட்டை வழியா விட்டா உள்ள ராடுல இருக்க ஓட்டைக்கே போய்ச் சேரும், குருடன் ஊசில நூல் கோக்குற மாதிரிதான், ஆனா சட்டம் வழி காட்டுது. ரெண்டாவது வெட்டு வழியா தலைக்கு ப்ளேடு, அப்பத்தான் சுத்தி எடுத்து டொக் டொக்னு தட்டினாங்க, தாத்தா "யாரு கதவத் தட்டுறது?"ன்னாரு, யாரும் சிரிக்கல, சர்ஜன் மட்டும் "நான்தான் ஐயா, முடிஞ்சுருச்சு"ன்னாரு. மூணாவது சின்ன வெட்டுல கீழ ஒரு லாக்கிங் ஸ்க்ரூ. மொத்தமா மூணு வெட்டு.

இதுல ஒரு நம்பர் மட்டும் ஞாபகம் வச்சுக்கலாம், 25 மில்லிமீட்டர். 1995ல பாம்கார்ட்னர்ங்கற அமெரிக்க சர்ஜனும் அவரு கூட்டாளிங்களும் ஸ்க்ரூ நுனிக்கும் தலையோட உச்சிக்கும் எவ்ளோ தூரம்னு நேர் எக்ஸ்ரேலயும் சைடு எக்ஸ்ரேலயும் அளந்து ரெண்டையும் கூட்டினாங்க. கூட்டுத்தொகை 25க்குள்ள இருந்த 120 பேர்ல ஒருத்தருக்குக் கூட ஸ்க்ரூ தலையக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரல. தூரம் கூடக் கூட கிழியறதும் கூடுச்சு. அப்படி கிழிச்சுட்டு வர்றதுக்கு கட் அவுட்னு பேரு, இந்த ஆபரேஷன் தோத்துப் போனா பெரும்பாலும் இப்படித்தான் தோக்கும், அப்புறம் மறுபடி திறந்து மூட்டையே மாத்தணும். பின்னால வந்த ப்ளேடுக்கு ரொம்பவும் உச்சிக்கிட்ட கொண்டு போனாலும் துளைச்சுக்கிட்டு போயிருமோன்னு ஒரு பேச்சு இருக்கு, ஆனா சர்ஜன்கள் இன்னும் அந்த அளவத்தான் மனசுல வச்சு வேலை செய்யறாங்க. இம்போர்ட்டட் ராடா இந்தியன் ராடா, டைட்டானியமா ஸ்டீலான்னு வெளில வராந்தாவுல நாம மண்டைய உடைச்சுக்கிறோம். எலும்பு நேரா வந்துச்சா, ஸ்க்ரூ நடுவுல ஆழமா உக்காந்துச்சாங்கறதுக்கு முன்னாடி அதெல்லாம் ரெண்டாம்பட்சம். காசு விஷயத்துல முதல்வர் காப்பீட்டு கார்டு இருந்தா அட்மிஷன் போடுறப்பவே காட்டிருங்க, இம்ப்ளாண்ட் போட்டதுக்கப்புறம் கேட்டா கஷ்டம்.

அடுத்து நேரம். "இந்த வயசுல ஆபரேஷன் தாங்குவாங்களா?"ன்னு கேக்காத வீடே இல்ல. கேள்விய திருப்பிப் போடணும், இந்த வயசுல மூணு மாசப் படுக்கைய தாங்குவாங்களா? உலகம் பூரா வழிகாட்டுதல் ஒரே மாதிரிதான், அட்மிட் ஆன அன்னைக்கோ மறுநாளோ, முடியலன்னா 48 மணி நேரத்துக்குள்ள. 2020ல வந்த ஹிப் அட்டாக்ங்கற ஆய்வுல 17 நாட்டுல 2970 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் கண்டுபிடிச்சதுல இருந்து சுமார் 6 மணி நேரத்துல ஆபரேஷன், இன்னொரு பக்கம் சுமார் 24 மணி நேரத்துல. நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகளும் அதுல உண்டு. அவசர அவசரமா பண்ணதால சாவு குறையல, ஆனா புத்தி தடுமாறுறதும் யூரின் இன்ஃபெக்ஷனும் கம்மி, சீக்கிரம் எழுந்து நின்னாங்க, சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க. நம்ம ஊர்ல பிரச்சினை 6 மணியா 24 மணியாங்கறதே இல்ல, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க ஒரு நாள், கார்டியாலஜிஸ்ட் வர ஒரு நாள், துபாய்ல இருக்க மகன் வர மூணு நாள், அமாவாசை தாண்டட்டும்னு ஒரு நாள், இப்படியே ஒரு வாரம் ஓடிரும். நிஜமாவே சரி பண்ண வேண்டிய விஷயங்க உண்டு, நெஞ்சு வலி புதுசா இருக்கு, ரத்தத்துல சோடியம் உப்பு ரொம்ப இறங்கியிருக்கு, ரத்தம் உறையாம இருக்க சில வகை மாத்திரை சாப்பிடறாங்க, அதுக்கு டாக்டர் காத்திருக்கச் சொன்னா காத்திருக்கணும். எவ்ளோ நாளா இருக்கற சுகருக்கும் பிரஷருக்கும் ஒரு வாரம் காத்திருந்து ஒன்னும் ஆகப்போறதில்ல. முதுகு ஊசியா முழு மயக்கமாங்கறதும் அப்படித்தான், 2021ல வந்த ஒரு பெரிய ஆய்வுல ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நிலமை, அத மயக்க டாக்டர்கிட்டயே விட்டுரலாம்.

ஆபரேஷன் ஆன ராத்திரி சில பேரு உளறுவாங்க. "பஸ் வந்துருச்சு, பெட்டிய எடு"ம்பாங்க, ட்யூப்ப பிடுங்குவாங்க, பெத்த பிள்ளையவே யாருன்னு கேப்பாங்க. மூளை கலங்கிப்போச்சுன்னு குடும்பமே அழும். இதுக்கு டெலிரியம்னு பேரு, பெரும்பாலும் சில நாள்ல தெளியும். மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் வீட்ல விட்டுட்டு வராதீங்க, பகல்ல ஜன்னலத் திறந்து விடுங்க, தெரிஞ்ச முகம் ஒன்னு பக்கத்துல இருக்கட்டும், வலிக்கு மருந்து சரியா போகுதான்னு பாருங்க. தேவையில்லாத யூரின் ட்யூப்ப சீக்கிரம் எடுக்கச் சொல்லிக் கேளுங்க, நான் போன வீட்ல 16 நாளா அது அப்படியே தொங்குச்சு.

இப்ப என் வேலைக்கு வர்றேன். ராடு ஒழுங்கா உக்காந்துருச்சுன்னு சர்ஜன் சொல்லிட்டாருன்னா, மறுநாளே கட்டில் ஓரத்துல உக்கார வச்சு, வாக்கர் பிடிச்சு, தாங்குற அளவு முழு வெயிட்டும் ஊனி நிக்க வைக்கணும். "பாதி வெயிட் மட்டும் ஊனுங்க"ன்னு 80 வயசு ஆள்கிட்ட சொல்றது நடக்குற காரியமே இல்ல, ஒத்தக்கால்ல நொண்டுறதுக்கு கைல தெம்பு வேணும்ல, கடைசில பயந்து நிக்கவே மாட்டாங்க. அரிதா, எலும்பு ரொம்ப நொறுங்கியிருந்தா டாக்டரே ஊன வேண்டாம்னு எழுதிக் கொடுப்பாரு, அப்ப கேட்டுக்கோங்க. அவரு எழுதாதத பக்கத்து வீட்டுக்காரர் எழுதக்கூடாது. வாக்கரோட உயரம் கைய தொங்கவிட்டா மணிக்கட்டு வர்ற இடத்துக்கு இருக்கணும், நிறைய வீட்ல கடைல வாங்கின உயரத்துலயே வச்சு பாட்டிங்க கூன் போட்டு நடக்குறாங்க. வயித்துல போடுற ஊசி ரத்தம் உறையாம இருக்கறதுக்கு, அத பாதில நிறுத்தாதீங்க. முட்டை, பருப்பு, பால் ஏதோ ஒன்னு, ரசம் சாதத்துலயும் இட்லிலயும் சதை ஏறாது.

ஆனா எல்லாத்தையும் விட எனக்குப் பெரிய ஆத்தாமை இன்னொன்னுல. நின்ன உயரத்துல இருந்து விழுந்து இடுப்பு உடைஞ்சதுன்னா அது வழுக்குற தரையோட தப்பு மட்டும் இல்ல, எலும்பு மெலிஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஒரு பக்கத்த ராடு வச்சு சரி பண்ணிட்டோம், அதே எலும்புதானே இன்னொரு பக்கமும்? 2007ல வந்த ஒரு ஆய்வுல இடுப்பு ஆபரேஷன் ஆன 2127 பேர்ல பாதிப் பேருக்கு வருஷத்துக்கு ஒரு தடவ ஸோலெட்ரோனிக் ஆசிட்னு ஒரு ட்ரிப் ஏத்தினாங்க, மீதிப் பேருக்கு வெறும் தண்ணி. மருந்து போட்டவங்கள்ல புதுசா உடைஞ்சது 8.6 சதவீதம், போடாதவங்கள்ல 13.9. மருந்து போட்டவங்கள்ல இறந்தவங்க 9.6 சதவீதம், போடாதவங்கள்ல 13.3. வருஷத்துக்கு ஒரே ஒரு பாட்டில். கிட்னி எப்படி இருக்கு, கால்சியம், வைட்டமின் டி சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் போடணும், எல்லாருக்கும் ஆகாது, வேற மருந்தும் இருக்கு. ஆனா நான் பாக்குற டிஸ்சார்ஜ் சம்மரிகள்ல முக்காவாசில கால்சியம் மாத்திரையோட நின்னு போயிருது. தையல் பிரிக்கப் போறப்ப "எலும்பு மெலிவுக்கு ஏதும் மருந்து வேணுமா டாக்டர்?"னு நீங்களே வாய் திறந்து கேக்கணும், அந்த கூட்டத்துல அவருக்கு அது ஞாபகம் வராது.

பாட்டி கதைக்கு வர்றேன். அன்னைக்கு உக்கார வச்சதுமே தலை சுத்துச்சு, 16 நாள் படுத்தே இருந்தா அப்படித்தான், ரெண்டு தடவ படுக்க வச்சு, தண்ணி கொடுத்து, மூணாவது தடவ கால தொங்கப் போட்டு பத்து நிமிஷம் உக்காந்தாங்க. வாக்கர பிடிச்சு நிக்கிறப்ப உடம்பு அப்படி நடுங்குச்சு, மகன் பின்னாடி சேலைய கொத்தா பிடிச்சுக்கிட்டாரு. வலிக்குதான்னு கேட்டேன். "பயமாத்தான்ப்பா இருக்கு, வலி அவ்ளோ இல்ல"ன்னாங்க. நாலு அடி. அடுத்த வாரம் வாசல் வரைக்கும் வந்துட்டாங்க, திண்ணைல உக்காந்துக்கிட்டு எக்ஸ்ரேவ வாங்கி முதல் தடவையா பார்த்தாங்க.

"இந்தக் கம்பிய எப்பப்பா எடுப்பாங்க?"

"எடுக்கமாட்டாங்க பாட்டி. தொந்தரவு எதுவும் பண்ணலைன்னா உள்ளயே இருக்கும்."

"அப்ப எரிக்கிறப்ப?"

மகன் "அம்மா"ன்னு அதட்டினாரு. நான் உள்ளத சொன்னேன், அது எரியாது, சாம்பல் அள்ளப் போறவங்க கைலதான் கிடைக்கும்னு.

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அத கடல்ல போட்றாத"ன்னு மகனப் பார்த்து சொன்னாங்க, "எடைக்குப் போட்டா எவ்ளோ வரும்னு கேட்டு வையி."